ஐந்துக்கு இரண்டு

தார்த்துவில் டிசம்பர். மூன்றரை மணிக்கே
ஜன்னல் கண்ணாடியில் என் முகம் வந்துவிடும்,
ஆறு போய்விடும்.
திரையில் ஒரு வரி:

"கோப்பைப் பதிவேற்றும்."

அவ்வளவுதான்.
தன்னைப் பற்றி அந்தக் கருவிக்குச்
சொல்ல இருந்தது அவ்வளவுதான்.

அதற்கு மதிப்பெண் போடுவது என் பிழைப்பு.
படிக்கப்போவது மனிதர்கள் இல்லை.
மனிதர்கள் என்றால் புருவத்தைச் சுருக்குவார்கள்,
பக்கத்து மேஜையில் கேட்பார்கள்,
எரிச்சலோடு ஒரு காபி குடித்துவிட்டு வந்து
தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தும் விடுவார்கள்.
ஏஜென்ட்டுக்குப் பக்கத்து மேஜை கிடையாது.
எழுதியிருப்பதை நம்பும்.
எழுதாத இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டு
அதையும் நம்பும்.

எவ்வளவு பெரிய கோப்பு வரை? தெரியாது.
கொடுக்க வேண்டியது கோப்பு இருக்கும் இடத்தையா,
கோப்பையேவா?
'டேட்டா' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
டேட்டா!
கடலுக்கு 'ஈரம்' என்று பெயர் வைத்தாற்போல.
திரும்பி வரும் சுட்டிக்கு ஆயுள் எத்தனை நாள்?
எப்போது இதைக் கூப்பிடக் கூடாது?

"அதுக்கெல்லாம் புரியும், ஹெல்வே,"
என்றான் ராய்வோ, கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே.

சரி, புரிகிறதா பார்ப்போம் என்று
வோரு ஊர்க் கால்நடை மருத்துவர் ஒருத்தி
சோதனைக்கென்று தந்திருந்த எக்ஸ்ரே நகல்களை
அதன் முன் வைத்தேன்.
பன்னிரண்டு நாய், மூன்று பூனை, ஒரு ஆடு.
அவளுடைய பழைய இயந்திரம்
தினமும் முதல் படத்துக்கு ஒரே பெயர்தான் வைக்கும்:
'படம்-1'.
பதினாறு நாள், பதினாறு 'படம்-1'.

பதினாறு முறையும் 'வெற்றி' என்று பதில் வந்தது.
ஏஜென்ட் அழகாக அறிக்கை எழுதியது,
எல்லாம் பத்திரம் என்று வாழ்த்தும் சேர்த்து.

கிடங்கைத் திறந்தேன்.

ஏற்றியது பதினாறு.
ஏற்றுக்கொண்டது பதினாறு.
இருந்தது
ஆடு.

யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் தொல்லை.

பழைய பதிப்புகளைத் தோண்டினேன்.
மார்ச்சில் கெர்ட்டு என்பவள் எழுதியிருக்கிறாள்:
"அதே பெயரில் ஒன்று இருந்தால்
பழையது போய்விடும். கேட்காது."
ஜூனில் ராய்வோ அதை நீக்கியிருக்கிறான்.
காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: 'சுருக்கம்'.

அவன் பக்கமும் ஒரு கணக்கு உண்டு.
ஒவ்வொரு அழைப்பிலும் ஏஜென்ட் முழுக்கப் படிக்கும்,
படிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு.
நாளைக்கு நான்கு லட்சம் அழைப்பு.
கெர்ட்டுவின் இரண்டு வாக்கியத்தைப் பெருக்கிப் பார்த்தேன்:
நாளைக்கு ஆறு யூரோ சொச்சம்.
பதினைந்து மிருகத்துக்கு அது அதிகமா, குறைவா?
என் அட்டவணையில் அதற்குப் பத்தி இல்லை.

ராய்வோவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
திரையில் மிஞ்சிய ஆட்டை வெகுநேரம் பார்த்தான்.
"முட்டி வீங்கியிருக்கு," என்றான்.
பிறகு தொப்பியைக் கழற்றினான்.
"போட்டுடு."

என்ன செய்யும் என்று சொன்னதற்கு ஒன்று.
எழுத்துப்பிழை இல்லாததற்கு
ஒன்று போட்டேன், அழித்தேன், போட்டேன்.
ஐந்துக்கு இரண்டு.
குறிப்பு என்ற கட்டத்தில்
மௌனத்தைப் பற்றி ஏதோ எழுதத் தொடங்கி
அது கவிதை மாதிரி ஆனதால் நீக்கிவிட்டு
"மேலெழுதுவதைக் குறிப்பிடவில்லை" என்று மட்டும் விட்டேன்.
சுருக்கம்.

பேருந்தில் ஈரக் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
கெர்ட்டுவுக்குச் செய்தி அனுப்பினேன்.
வேலையை விட்டுப் போய்விட்டாள்,
இப்போது பர்னுவில் படகுகளுக்குக் காப்பீடு விற்கிறாள்.
நான் பார்த்ததே இல்லை.

"உங்கள் வரியைத் திரும்பப் போட்டுவிட்டோம்."

மூன்று நிறுத்தம் தாண்டிப் பதில் வந்தது.

"எந்த வரி?"